பாதிரியார் வீடு மட்டும் மிஞ்சியது ஏன்?

அமெரிக்க நாட்டில் ஜார்ஜியா என்று ஒரு மாகாணம். அதன் வடபகுதியில் இருக்கிறது நியூ எக்கோட்டா. அங்கே பழைய மர வீடு ஒன்று நிற்கிறது. இரண்டு அடுக்கு வீடு. சாமுவேல் வூஸ்டர் என்ற பாதிரியார் 1828-ல் கட்டியது.

அந்த நாளில் அது ஒரு தலைநகரம்! செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் தலைநகரம். சட்டசபை, கோர்ட்டு, அச்சுக்கூடம், கடைகள் எல்லாம் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை. இப்போது அங்கே காணும் மற்ற கட்டிடங்கள் பிற்காலத்தில் மாதிரிக்குக் கட்டியவை. அல்லது வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து வைத்தவை. பாதிரியார் வீடு ஒன்றுதான் அந்த ஊரின் அசல் வீடு.

செரோக்கி ஊரில் வெள்ளைக்காரர் வீடு மட்டும் மிஞ்சியது எப்படி?

சொந்த எழுத்து

செரோக்கி மக்கள் படிப்பில் ஆர்வம் மிகுந்தவர்கள். 1821-ல் செக்கோயா என்பவர் அவர்கள் மொழிக்கு எழுத்துகளை உண்டாக்கினார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது! சில ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் அந்த எழுத்துகளைக் கற்றார்கள். 1828-ல் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற பத்திரிகையும் வந்தது. ஆசிரியர் ஒரு செரோக்கி இளைஞர். அச்செழுத்துகளை வார்க்க உதவியவர் வூஸ்டர் பாதிரியார். ஊருக்குப் போஸ்ட் மாஸ்டரும் அவரே.

பொன் ஆசை

1829-ல் அந்தப் பக்கத்து மலைகளில் தங்கம் எடுக்கப் பெருங்கூட்டம் வந்தது. நிலத்தின் மீது ஜார்ஜியா அரசின் ஆசை வளர்ந்தது. செரோக்கி நாட்டில் வசிக்கும் வெள்ளைக்காரர்கள் மாகாண அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்து, லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று ஒரு சட்டம் செய்தார்கள்.

வூஸ்டர் மறுத்தார். 1831 மார்ச்சில் கைது செய்தார்கள். போஸ்ட் மாஸ்டர் என்பவர் மத்திய அரசின் ஊழியர் என்பதால் கோர்ட்டு விடுதலை செய்தது. உடனே அந்த வேலை பறிபோனது! ஜூலையில் மறுபடியும் கைது. செப்டம்பரில் 4 ஆண்டு கடுங்காவல். தண்டனை பெற்ற 11 பேரில் 9 பேர் மன்னிப்பை ஏற்று வெளியே வந்தார்கள். வூஸ்டரும் டாக்டர் பட்லரும் மட்டும் சிறை சென்றார்கள்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1832 மார்ச் 3-ல் தீர்ப்பு. செரோக்கி நாட்டில் ஜார்ஜியா சட்டம் செல்லாது என்றார் தலைமை நீதிபதி மார்ஷல். செரோக்கி மக்களுக்கு வெற்றி!

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஜார்ஜியா தீர்ப்பை மதிக்கவில்லை. ஜனாதிபதி ஜாக்சனும் அதை நிறைவேற்ற முன்வரவில்லை. வழக்கை மேலும் நடத்துவதில்லை என்று இருவரும் விட்டுக்கொடுத்த பிறகே, 1833 ஜனவரியில் சிறைக் கதவு திறந்தது.

அதற்குள் ஜார்ஜியா அரசு செரோக்கி நிலங்களைச் சீட்டுக் குலுக்கி வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. பாதிரியார் வீடும் அப்படியே போனது. 1834-ல் அவர் வெளியேறினார். 1838-ல் சிப்பாய்கள் வந்து செரோக்கி மக்களை வீடு வீடாகப் பிடித்து மேற்கே துரத்தினார்கள். சுமார் 16,000 பேர் போனார்கள். அவர்களில் சுமார் 4,000 பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். அந்த வழிக்குக் 'கண்ணீர்ப் பாதை' என்று பெயர்.

எது நினைவுச் சின்னம்?

வீடு மிஞ்சிய காரணம் இதுதான்: வந்தவர்கள் குடியிருக்க அது உதவியது. செரோக்கிகளின் சட்டசபையும் கோர்ட்டும் அவர்களுக்கு எதற்கு? ஆகவே அவை அழிந்தன.

1950-களில் வீட்டைப் பழுது பார்த்தார்கள். 1962-ல் அந்த இடம் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. 1992-ல் வூஸ்டருக்கும் பட்லருக்கும் ஜார்ஜியா மன்னிப்பு வழங்கியது. எதற்கு மன்னிப்பு? தண்டித்தது தவறு என்று சுப்ரீம் கோர்ட்டு 160 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டதே! மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் மன்னிப்பு வழங்கினார்கள்.

பாதிரியார் துணிச்சல்காரர். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் இழந்தது ஒரு வீடு. சிறையில் கழிந்த ஒன்றேகால் ஆண்டுக்கு மேற்பட்ட காலம். செரோக்கி மக்கள் இழந்ததோ ஒரு நாடு. வீட்டை மட்டும் பார்த்து, "நல்ல மனிதர்" என்று சொல்லித் திரும்பினால், பாதிக் கதைதான் தெரியும். 1954-ல் அங்கே மண்ணைத் தோண்டியபோது செரோக்கி அச்செழுத்துகள் கிடைத்தன. மீதிக் கதை அந்த மண்ணில் இருக்கிறது.

அந்த மக்கள் அழிந்துவிடவில்லை. ஓக்லஹோமாவில் அவர்களுக்கு இன்று சொந்த ஆட்சி மன்றம் உண்டு. 'ஃபீனிக்ஸ்' பத்திரிகையும் வருகிறது. ஆகவே பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்பவர்கள், முதலில் வீடுகள் இல்லாத வெற்று நிலத்தைக் காட்ட வேண்டும். "இங்கே ஒரு ஊர் இருந்தது. அதன் மக்கள் வழக்கில் வென்றும் ஊரை இழந்தார்கள்" என்று சொல்ல வேண்டும். பாதிரியார் வீட்டை அப்புறம் பார்க்கலாம்.