உப்பளத்தில் பாட்டு மழை

தமிழ்க் கிறிஸ்தவப் பாடல் தொகுப்பு எதை எடுத்தாலும் எங்காவது ஒரு பாட்டில் மழை பெய்துவிடும். ஆசீர்வாதம் மழையாக இறங்கும், வறண்ட நிலம் நீரூற்றாகும், நீர்க்கால் ஓரத்து மரம் இலை உதிராமல் நிற்கும். ஃபாதர் எஸ். ஜே. பெர்க்மான்ஸ் காலத்து கேசட்டிலிருந்து இன்று கிதாரும் கையுமாக யூடியூபில் வரும் இளைஞர்கள் வரை, நம்பிக்கை என்றால் பச்சை நிறம்தான். நான் சபைக்குப் போகிறவன் இல்லை. ஆனாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வரும் யாருக்கும் இந்தப் பாட்டுகள் பாதியாவது மனப்பாடம் ஆகியிருக்கும்.

எனக்கு உறுத்துவது மரக்காணம். தூத்துக்குடி, வேதாரண்யத்தோடு சேர்த்துப் பேசப்படும் உப்பளம் அது. மழைக்காலம் ஓய்ந்ததும் சேறு அள்ளி, பாத்தி மிதித்து, கழிமுகத்து நீரைக் கட்டி வைத்து, வெயிலில் உவர் ஏறும்வரை காத்திருந்து உப்பு வாருகிறார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. கோடையில் வரும் மழை இன்னும் கொடுமை. ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், விளைந்தது கரையும், ஏறிய உவர் இறங்கும், மறுபடி முதலிலிருந்து. ‘வெப்பம் தணிந்தது, பொதுமக்கள் மகிழ்ச்சி’ என்று பத்திரிகைகள் எழுதும் நாளில் இங்கே அடுப்பு எரியுமா என்பதே கேள்வி.

இந்த மக்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை கைகளை உயர்த்தி மழை கேட்டுப் பாடுகிறார்கள்.

பைபிளில் பெய்வது பாலஸ்தீனத்து மழை. அங்கே ஐப்பசி வாக்கில் முன்மாரி வந்தால் விதைக்கலாம். பங்குனி, சித்திரையில் பின்மாரி வந்தால் கதிர் முற்றும். பெந்தெகொஸ்தே இயக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பியபோது, ஆவியானவரின் பொழிவைப் பின்மாரி என்றே சொல்லிக்கொண்டது. அதற்கு முன்பே, 1883இல், அமெரிக்காவின் டேனியல் விட்டில் ஆசீர்வாதம் மாரியாகப் பொழிவதை வைத்து எழுதிய கீர்த்தனை உலகெங்கும் பரவியிருந்தது. வயலும் மேய்ச்சலும் உள்ளவர்களுக்கு இதெல்லாம் சரிதான். பங்குனியில் மரக்காணத்தில் நிஜமாகவே பின்மாரி பெய்தால் என்ன ஆகும்? எரேமியா தீர்க்கதரிசி இன்னும் ஒரு படி மேலே போகிறார். மனுஷனை நம்பி கர்த்தரை விட்டு விலகுகிறவனுக்குச் சாபமாக அவர் காட்டும் இடம் குடியில்லாத உவர்நிலம் (17ஆம் அதிகாரம்). அந்த உவர்நிலத்தில்தான் இவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள்.

மரக்காணத்தை அடுத்த கந்தாடு பக்கம் உப்பு வாரப் போகும் அக்கா ஒருவரிடம் இதைக் கேட்டேன். சிரித்துவிட்டார். “பாட்டுல வர்ற மழை மனசுல பெய்யிறது தம்பி. பங்குனில மழை வரக்கூடாதுன்னு நான் தனியா ஜெபம் பண்ணிக்குவேன்.” சபையில் மழைக்காகப் பாட்டு, வீட்டில் மழைக்கு எதிராக ஜெபம். அவருக்கு இதில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் என்னைப் போல் பாட்டைக் காகிதத்தில் வைத்துப் படிக்கிறவர்களுக்குத்தான்.

பெர்க்மான்ஸை அந்த அக்கா இன்றும் கேட்கிறார். கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியே வந்தவர் பெர்க்மான்ஸ். ‘ஃபாதர்’ என்ற அழைப்பு மட்டும் அவரோடு கூடவே வந்துவிட்டது. அவருடைய பாடல் வரிசையான ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் தொகுதி எண் 40ஐத் தொட்டுவிட்டது. பெயரிலேயே தோட்டம் இருப்பதைக் கவனிக்கலாம். சங்கீதம் கற்றவர்கள் அந்தப் பாட்டுகளைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு: மெட்டு எளிது, வரி குட்டை, சொன்னதையே திரும்பச் சொல்கிறார் என்று. எனக்கு அது குறையாகப் படவில்லை. புத்தகம் இல்லாமல், வாத்தியம் இல்லாமல், மண்வெட்டியை இழுத்துக்கொண்டே மூச்சு வாங்கிப் பாட முடிகிற பாட்டைக் கட்டுவது லேசான வேலையல்ல. கைவிடமாட்டார், பார்த்துக்கொள்வார் என்ற இரண்டு செய்திகளை இத்தனை தொகுதிகளாகச் சலிக்காமல் சொல்வதும் லேசல்ல. புதிய தலைமுறைப் பாடகர்களின் ஒலிப்பதிவு பளபளப்பாக இருக்கிறது. வேலை செய்துகொண்டு பாடத்தான் வாய்க்கு வருவதில்லை.

நிலத்தைப் பற்றிய என் குறைக்குக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரிடம் பதில் இருக்கிறது. 1774இல் நெல்லையில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சையில் வளர்ந்து, 1864 வரை வாழ்ந்தவர். பெத்லகேம் செய்தியைக் குறவஞ்சியாக்கிக் குறத்தி வாயில் கொடுத்தார். தச்சுத் தொழிலை வைத்து ஞானத் தச்ச நாடகம் எழுதினார். பாலஸ்தீனத்தைத் தமிழ் மண்ணுக்கு இழுத்து வந்த கை அது. உப்பளத்துக்கும் ஒன்று செய்திருக்கலாம். தஞ்சையில் இருந்தவருக்கு நெல்லும் ஆறும்தான் கண்ணில் பட்டிருக்கும். அதற்கு வெகுமுன்பே, மழை உப்பை அழிப்பதைத் தமிழ்க் கவி பார்த்திருக்கிறான். பெருமழையில் சிக்கிய உப்பு வண்டியைக் குறுந்தொகைப் பாட்டொன்றில் உவமையாக வைக்கிறார் பரணர்.

ஆனால் இரும்பை ஊர்க்காரனான நான் இந்தப் பச்சை மோகத்தை ரொம்பவும் குறை சொல்ல முடியாது. எங்கள் மாகாளேஸ்வரர் கோயில் சம்பந்தர் பாடியது என்றாலும், ஊர் வாயில் நிற்பது கடுவெளிச் சித்தர் கதைதான். சித்தர் கோபம் கொண்டு பாட, லிங்கம் மூன்றாகப் பிளந்தது, மண்ணில் புல்கூட முளைக்காமல் போனது, தூர தேசத்தார் வந்து பச்சையாக்குவார்கள் என்று சாபத்துக்கு விமோசனமும் கிடைத்தது என்பார்கள். 1968இல் ஆரோவில் வந்து செம்மண் மேட்டில் மரம் நட்டதும் கதை பலித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டோம். ஆக நாங்களும் பச்சைக் கட்சிதான்.

உவர்நிலத்தைச் சாபமாகச் சொன்ன அதே எரேமியாவின் 29ஆம் அதிகாரத்திலிருந்துதான், எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவேன் என்ற, நம்பிக்கைத் தொகுப்புகளுக்குப் பிடித்த வசனம் எடுக்கப்படுகிறது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் அதைப் பார்க்கலாம். அதற்கு ஒரு வசனம் முன்னால், பாபிலோனில் சிறையிருப்பவர்களுக்கு எழுபது ஆண்டு கெடு சொல்லப்படுகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் நலனுக்காக ஜெபியுங்கள் என்றும் எரேமியா அவர்களுக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் இருக்கிறது. எழுபது ஆண்டைப் பல்லவியில் வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. உப்பளத்துக்காரர்களுக்கு அந்தப் பகுதி நன்றாகவே விளங்கும் என்று நினைக்கிறேன். உவர் ஏறுவதை யாராலும் அவசரப்படுத்த முடியாது.

மரக்காணத்துக்கு வேண்டிய பாட்டு கொஞ்சம் சிக்கலானது. வெயில் வேண்டும், ஆனால் உப்பின் வெண்மையில் பட்டுக் கண்ணைப் பறிக்கக் கூடாது. மழையும் வேண்டும், குடிநீருக்கு. ஆனால் புரட்டாசி வரை பொறுத்திருக்க வேண்டும். காலில் வெடிப்பு வரக் கூடாது. வியாபாரி விலையைக் குறைக்கக் கூடாது. இவ்வளவையும் நாலு வரியில் அடக்கி, மூச்சு வாங்கிக்கொண்டே பாடும்படி மெட்டுப் போடும் பாடகர் வந்தால், அவர் தொகுப்பை நான் காசு கொடுத்தே வாங்குவேன், யூடியூபில் சும்மா கிடைத்தாலும்.