உபகாரச் சம்பளக் கடிதம் வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? ஹாக்கி ஆடும் நம் பிள்ளைகளின் முன் உள்ள முடிவு

டத்தோ கிராமாட் – ஐந்தாம் படிவம் முடித்த ஒரு மகன், மாநில அளவில் ஹாக்கி ஆடுகிறான் என்று வைத்துக் கொள்வோம். எஸ்.பி.எம். தேர்வு முடிந்த சில வாரங்களில் தனியார் கல்லூரி ஒன்றின் பயிற்றுநர் அப்பாவைத் தொலைபேசியில் அழைக்கிறார். எங்கள் அணிக்கு ஆட வரட்டும், உபகாரச் சம்பளம் தருகிறோம் என்கிறார். டத்தோ கிராமாட்டின் அடுக்குமாடி வீடு ஒன்றிலோ, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றிலோ அந்த அழைப்பு வந்தால், இரவுக்குள் பெரியப்பா, மாமா, அத்தை வரை செய்தி போய்விடும். 'இலவசப் படிப்பு' என்ற ஒரே சொல்லில் முடிவும் ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிடும்.

அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த அழைப்பு எதற்காக வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கல்லூரிக்குத் தேவை ஒரு நல்ல தற்காப்பு ஆட்டக்காரர் அல்லது பெனால்டி கார்னர் அடிக்கும் ஒரு மட்டை. பிள்ளைக்குத் தேவை நாற்பது ஆண்டு உழைத்து வாழ ஒரு தகுதி. இரண்டும் ஒன்றாகச் சேரும் இடமும் உண்டு, சேராத இடமும் உண்டு.

முன்பு வேலை, இப்போது படிப்பு

மலேசிய ஹாக்கியில் இந்தியர்களின் பங்கைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் நாடு நான்காம் இடம் பிடித்தபோது அணிக்குத் தலைமை தாங்கியவர் என்.ஸ்ரீ சண்முகநாதன். இன்று வரை மலேசியாவின் மிகச் சிறந்த உலகக் கிண்ண அடைவு அதுதான். பிற்காலத்தில் தம்பினில் பிறந்த கோல்காவலர் எஸ்.குமார் 300-க்கும் மேற்பட்ட அனைத்துலக ஆட்டங்களில் நாட்டின் வலையைக் காத்தார்.

அந்தப் பழைய தலைமுறைக்கு ஹாக்கி தந்த பரிசு பெரும்பாலும் ஒரு வேலை. மின்சார வாரியம், வங்கிகள், தொலைத்தொடர்பு, போலீஸ், இராணுவம் ஆகியவை தங்களுக்கென அணிகள் வைத்திருந்தன. நன்றாக ஆடும் இளைஞனுக்கு அங்கே வேலை கிடைக்கும். காலையில் அலுவலகம், மாலையில் திடல். ஆட்டம் முடிந்த பிறகும் சம்பளம், ஓய்வூதியம் அல்லது ஊழியர் சேமநிதி தொடரும். தோட்டத்தில் இருந்தும் இரயில்வே குடியிருப்பில் இருந்தும் வந்த பல குடும்பங்கள் ஒரு படி மேலே ஏறியது அந்த வழியில்தான்.

அந்தக் கதவு இன்று குறுகிவிட்டது. அதன் இடத்துக்கு வந்திருப்பது உயர்கல்விக்கூடங்களின் அழைப்பு. முன்பு ஹாக்கி சம்பளமாகக் கைக்கு வந்தது. இப்போது கட்டணச் சலுகையாக வருகிறது. வேலை கொடுத்தவர் ஆளை வைத்துக் கொண்டார். படிப்புக்கு இடம் கொடுப்பவரோ மூன்று நான்கு ஆண்டுகளில் ஆளை வெளியே அனுப்பியாக வேண்டும். வெளியே வரும்போது கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பதின்மூன்று வயதில் தொடங்கும் தேர்வு

ஆட்டக்காரரைத் தேடும் வேலை எஸ்.பி.எம்.முக்குப் பிறகு தொடங்குவதில்லை. 1996-இல் தொடங்கப்பட்ட புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியும், 1998-இல் ஜொகூர் பண்டார் பெனாவாரில் தொடங்கப்பட்ட துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளியும் இடைநிலைப்பள்ளி வயதிலேயே திறமையுள்ள பிள்ளைகளைத் திறன் சோதனை வைத்துச் சேர்க்கின்றன. தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் அங்கேயே. மலேசிய ஜூனியர் ஹாக்கி லீக்கில் இந்த இரு பள்ளிகளின் ஆட்டக்காரர்கள் நீண்ட காலமாக முன்னணியில் இருக்கிறார்கள். அங்கே ஆடுபவர்களைத் தேசியப் பயிற்றுநர்களும் கல்விக்கூடங்களின் பயிற்றுநர்களும் கவனிக்கிறார்கள்.

பினாங்குப் பிள்ளைக்கு இது என்ன சொல்கிறது? ஜார்ஜ்டவுனின் பள்ளித் திடல்களில் ஹாக்கிக்குப் பழைய மரபு உண்டு. ஆனால் இன்றைய ஹாக்கி செயற்கைப் புல்தரையில் ஆடப்படுகிறது. பினாங்குத் தீவில் அதற்கான அரங்கம் பத்து உபானில் இருக்கிறது. டத்தோ கிராமாட்டில் இருக்கும் ஒரு பையன் பள்ளி முடிந்து அங்கே போய்ப் பயிற்சி செய்து இரவு வீடு திரும்ப வேண்டுமென்றால், யாராவது மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போக வேண்டும். செபராங் பிறை தோட்டத்துப் பிள்ளைக்குப் பாலத்தையும் தாண்ட வேண்டும். இரண்டு மட்டை, ஷின் பேட், காலணி, போக்குவரத்து எல்லாம் சேர்ந்தால் மாதச் சம்பளத்தில் ஒரு துண்டு விழும். ஆக, அழைப்பு வரும் நிலைக்கு ஒரு பிள்ளை வந்து சேரும்போது அந்தக் குடும்பம் ஏற்கெனவே பல ஆண்டுகள் செலவு செய்திருக்கும். செலவழித்த பணம் வீணாகிவிடக் கூடாது என்ற எண்ணமே, முதலில் வரும் அழைப்பை உடனே ஏற்கத் தூண்டுகிறது.

எல்லாருக்கும் எல்லாக் கதவும் இல்லை

நம் குடும்பங்கள் நேராகப் பார்க்க வேண்டிய இன்னோர் உண்மை உண்டு. மலேசிய ஹாக்கி லீக்கில் அணி வைத்து ஆடிய உயர்கல்விக்கூடங்களில் யு.ஐ.டி.எம். ஒன்று. அதன் இளங்கலைப் படிப்புகள் பூமிபுத்ரா மாணவர்களுக்கு உரியவை. லீக்கில் ஆடிய இன்னொரு கல்விக்கூடமான கோலாலம்பூர் பல்கலைக்கழகம் (யுனிகேஎல்) எல்லா இன மாணவர்களையும் சேர்க்கிறது. ஆனால் மாராவின் கல்வி நிதியை நம் பிள்ளைகள் நம்ப முடியாது. அதனால் ஒரே திடலில் ஒரே அணிக்கு ஆடும் இரண்டு நண்பர்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் ஒன்றாக இருப்பதில்லை. நண்பனுக்குக் கிடைத்தது தமக்கும் கிடைக்கும் என்று எண்ணிக் காத்திருப்பது ஆபத்து.

பொதுப் பல்கலைக்கழக வழி எப்படி? யு.பி.யு. மூலம் விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு. மாநில, தேசிய அளவில் ஆடியவர்கள் அந்தப் பத்தில் நிறையப் பெறலாம். விளையாட்டாளர்களுக்கான தனிச் சேர்க்கை வழியும் உண்டு. ஆனால் கணக்கு தெளிவாகவே இருக்கிறது. பத்தை மட்டை தரும், தொண்ணூறைப் புத்தகம்தான் தரும். ஹாக்கியால் கதவு திறக்கும் என்று நம்பி எஸ்.பி.எம்.மில் கோட்டை விடும் பிள்ளை, அந்த ஹாக்கியின் மதிப்பையும் சேர்த்தே குறைத்துக் கொள்கிறது.

'பாதிக் கட்டணம்' என்றால் எவ்வளவு?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. தனியார் கல்லூரி ஒன்றின் மொத்தக் கட்டணம் 60,000 ரிங்கிட் என்று கொள்வோம். விளையாட்டு உபகாரச் சம்பளமாகப் பாதி தள்ளுபடி. மீதி 30,000. அதோடு தங்குமிடமும் சாப்பாடும் மாதம் 800 ரிங்கிட் என்றால் மூன்று ஆண்டில் 28,800. ஆக மொத்தம் 58,800 ரிங்கிட். அதே பிள்ளைக்கு அரசாங்கம் மானியம் தரும் பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், எந்த உபகாரச் சம்பளமும் இல்லாமலேயே செலவு இதைவிடக் குறைவாக இருக்கலாம். கடிதத்தில் '50 விழுக்காடு' என்று இருப்பதைப் பார்த்து மகிழும் முன், கட்ட வேண்டிய தொகையைப் பார்க்க வேண்டும். மீதித் தொகை பி.டி.பி.டி.என். கடனாக மாறினால், அதை அடைக்கப் போவது அணியின் பயிற்றுநர் அல்ல.

அமெரிக்காவில் பார்த்த பாடம்

கல்லூரி விளையாட்டு பெரிய வணிகமாகிவிட்ட அமெரிக்காவில் இந்தக் கேள்விகள் எல்லாம் முன்பே எழுந்துவிட்டன. அங்கே 1973 முதல் விளையாட்டு உபகாரச் சம்பளம் ஓராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதாக இருந்தது. பயிற்றுநர் மாறினாலோ, ஆட்டம் சரிந்தாலோ அடுத்த ஆண்டு கடிதம் வராமல் போகலாம். பல ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தர 2012-இல்தான் மீண்டும் அனுமதி வந்தது.

புல்தரை ஹாக்கி அங்கே கல்லூரி சங்கத்தின் கீழ்ப் பெண்களுக்கு மட்டுமே. ஆண்கள் அணி இல்லை. முதல் பிரிவுப் பெண்கள் அணி ஒன்றுக்கு நீண்ட காலம் 12 முழு உபகாரச் சம்பளங்கள் மட்டுமே உச்சவரம்பு. அந்தப் பன்னிரண்டை இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆகவே 'உபகாரச் சம்பளம் கிடைத்தது' என்று சொன்ன பலருக்குக் கிடைத்தது கால் பங்கோ அரைப் பங்கோதான். 2025-இல் நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதை ஏற்ற பல்கலைக்கழகங்களில் அந்த உச்சவரம்பு போய், அணிக்கு 27 பேர் என்ற வரம்பு வந்தது.

பனித்தரை ஹாக்கியில் பணம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. கனடாவின் ஜூனியர் லீக்கில் ஆடியவர்களுக்கு 2025 ஆகஸ்டு முதல் அமெரிக்கக் கல்லூரிக் கதவு திறந்தது. உடனே அங்குள்ள மிகத் திறமையான இளைஞர்களில் ஒருவரான கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். நல்ல சலுகை வந்தால் ஆட்டக்காரர் நாடும் லீக்கும் மாறுவார் என்பதற்கு அது சான்று. அவரைப் போன்றவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பேரம் பேசும் பலம் அவர்கள் கையில். நம் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு அந்தப் பலம் இல்லை. அதனால்தான் எழுத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் அவர்களுக்கு முக்கியம்.

கோவில்பட்டி காட்டும் தொடர்ச்சி

2023 ஆகஸ்டு 12-ஆம் தேதி சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டத்தை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 3-1 என்று முன்னிலையில் இருந்த மலேசியா, 4-3 என்று இந்தியாவிடம் தோற்றது. அந்த இந்திய அணியில் இருந்த எஸ்.கார்த்தி அரியலூர்க்காரர். அவரும் கோவில்பட்டியின் எஸ்.மாரீஸ்வரனும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கிண்ணத்தில்தான் இந்திய அணிக்கு அறிமுகமானார்கள். இருவரையும் வளர்த்தது கோவில்பட்டி.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அங்கே விளையாட்டு விடுதி, பிறகு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம், அதன் பிறகு இரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு ஒதுக்கீடு என்று ஒரு சங்கிலி இருக்கிறது. அங்கும் போட்டி கடுமைதான், இடம் கிடைக்காதவர்களே அதிகம். ஆனாலும் படிப்புக்குப் பின் என்ன என்ற கேள்விக்கு ஒரு பதில் உண்டு. நம் நாட்டில் விளையாட்டுப் பள்ளியும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மூன்றாவது கண்ணிதான் பலவீனமாகிவிட்டது. அதை ஈடுகட்டக் கூடியது படிக்கும் துறை ஒன்றே.

பாடத்தைப் பயிற்சி நேரம் தேர்ந்தெடுக்கலாமா?

உபகாரச் சம்பளம் எந்தக் கல்லூரி என்பதை மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தப் பாடம் என்பதையும் பல நேரங்களில் அதுவே தீர்மானிக்கிறது. மின்னியல் பொறியியலில் மாலை முழுவதும் ஆய்வுக்கூடம் இருந்தால் பயிற்சிக்கு இடைஞ்சல். அதனால் 'எளிதான' ஒரு பாடத்துக்கு மாறச் சொல்லும் யோசனை வரும். பதினெட்டு வயதில் அது நியாயமாகவே தோன்றும். முட்டியில் ஒரு காயம் பட்டு இருபத்திரண்டு வயதில் ஆட்டம் நின்றுவிட்டால், மிஞ்சுவது அந்தச் சான்றிதழ் மட்டுமே.

அதனால் கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை சில உண்டு:

வாய்ச்சொல்லா, கடிதமா? பயிற்றுநர் சொன்னதைக் கல்லூரி நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும்.

எது அடங்கும்? கட்டணம் மட்டுமா, தங்குமிடம், சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி, மட்டை, பயணம் சேர்ந்ததா?

எத்தனை ஆண்டுக்கு? ஒவ்வொரு பருவமும் எவ்வளவு புள்ளி எடுத்தால் தொடரும்?

காயம் பட்டால்? ஆட முடியாத பருவத்திலும் சலுகை தொடருமா?

இடையில் விலகினால்? இதுவரை தள்ளுபடி செய்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா?

தேர்வும் போட்டியும் ஒரே நாளில் வந்தால்? மறுதேர்வு உண்டா?

படிப்பு அங்கீகாரம் பெற்றதா? மலேசியத் தகுதி முகாமையின் பதிவேட்டில் அந்தப் பாடத்தின் பெயர் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

இந்தக் கேள்விகளைக் கேட்டால் சலுகையை எடுத்துவிடுவார்களோ என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். நேர்மையான கல்விக்கூடம் இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்காது. பதில் சொல்லத் தயங்கும் இடத்தைப் பற்றி அதுவே போதிய தகவல்.

செய்யக் கூடியது சமூகத்திடமும் இருக்கிறது

குடும்பம் தனியாக இதை எல்லாம் சுமக்க வேண்டியதில்லை. ஆலய நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் பத்து ஏ பெற்ற பிள்ளைக்கு மாலை போடுகின்றன. மாநில அணியில் ஆடிக் கொண்டு ஆறு கிரெடிட் எடுத்த பிள்ளையையும் அவை தேடிப் பிடிக்கலாம். பத்து உபானுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்வதும், வந்த கடிதத்தை விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்துச் சொல்வதும் பெரிய செலவு இல்லாத உதவிகள். முன்னாள் ஆட்டக்காரர்கள் ஒரு மாலை நேரம் ஒதுக்கினாலே போதும்.

மலேசிய ஆண்கள் ஹாக்கி அணி ஒலிம்பிக்கில் ஆடி 2000-ஆம் ஆண்டு சிட்னியோடு சரி. அந்த இடைவெளியை நிரப்ப அணிக்கு நல்ல ஆட்டக்காரர்கள் வேண்டும்தான். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும். ஆனால் அந்த அப்பாவுக்கு மறுநாள் காலை பயிற்றுநர் மீண்டும் தொலைபேசியில் அழைக்கும்போது, 'சரி ஐயா, கடிதத்தை அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறோம்' என்று சொல்லும் தைரியம் வேண்டும். மகன் திடலில் காட்டும் நிதானத்தை வீட்டில் பெரியவர்கள் காட்ட வேண்டிய நேரம் அதுதான்.