கொக்கு, கொசு, குழந்தை!

கொள்ளிடத்தை ஒட்டிய தா.பழூர் வட்டாரத்தில் நடவு முடிந்துவிட்டால் வயலெங்கும் தண்ணீர்தான். அதில் இரை தேடிக் கொக்குகள் இறங்கும். அதே தண்ணீரில் க்யூலெக்ஸ் வகைக் கொசு முட்டையிடும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் வாழ்வதற்கு இந்தக் கூட்டணி போதும்.

பெயரில் ஜப்பான் இருந்தாலும் நோய் நமக்குப் புதிதல்ல. இந்தியாவில் இது முதலில் அறியப்பட்டது 1955-ல், நம் வேலூரில். வைரஸ் பெருகுவது கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும். அவற்றைக் கடித்த கொசு மனிதரைக் கடிக்கும்போது நம் உடலுக்குள் வந்துவிடுகிறது.

வந்தபின் என்ன செய்யும்? வைரஸால் தானாகப் பெருக முடியாது. அதற்கு நம் செல் வேண்டும். முதலில் செல்லின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும். ஏதோ தேவையான பொருள் என்று நினைத்து, செல்லே அதை ஒரு சிறு பைக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பையில் அமிலம் கூடியதும் வைரஸின் உறை பையோடு ஒட்டி, உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ வெளியே வரும். சுமார் 11,000 எழுத்துகள் கொண்ட கட்டளை அது. செல் அதைத் தன் கட்டளை போலவே படித்து, வைரஸுக்கான 10 புரதங்களையும் செய்து கொடுத்துவிடும். புது வைரஸ்கள் கிளம்பி அடுத்த செல்லைத் தேடும்.

பெரும்பாலானவர்களின் நோய் எதிர்ப்பு சக்தி இதை ஆரம்பத்திலேயே அடக்கிவிடும். தொற்று ஏற்படுவோரில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் தீவிரமாகும். ஆனால், மூளை வீங்கும் அளவுக்குப் போனால் 30 சதவிகிதம் பேர் வரை உயிரிழக்கலாம். பிழைத்தவர்களிலும் பலருக்கு வலிப்பு, கை கால் முடக்கம், மறதி என்று பாதிப்பு தங்கிவிடும். பெரும்பாலும் சிக்குவது குழந்தைகள்தான்.

வைரஸ் நம் செல்லின் இயந்திரத்தையே பயன்படுத்துவதால், பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இதனிடம் பலிக்காது. இந்த நோய்க்கென்று தனி மருந்தும் இல்லை. ஆனால், தடுப்பூசி இருக்கிறது. பாதிப்புள்ள மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொரு தவணை. பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்து ஒருமுறை பாருங்கள். விடுபட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

டெங்கு கொசு பகலில் கடிக்கும். இந்தக் கொசு பொழுது சாய்ந்ததும் கிளம்பி இரவில் கடிக்கும். ஆகவே, குழந்தைகளைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். பன்றிக் கொட்டகை வீட்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, பேச்சில் தடுமாற்றம் இவற்றில் எது தெரிந்தாலும் மருந்துக்கடை மாத்திரையோடு காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்று... இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம், பக்கத்தில் உட்காரலாம். அந்த வீட்டை ஊர் ஒதுக்கிவைக்க வேண்டிய அவசியமே இல்லை.