டிக்கெட் இலவசம்... படி ஏறுவது எப்படி? தாழ்தளப் பேருந்துப் போராட்டம் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அடுத்த சில வாரங்களிலேயே அது திருநர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் உதவியாளருக்கும் விரிவானது. நல்ல திட்டம்தான். யாரும் மறுக்க முடியாது.

ஆனா, ஒரு சின்னக் கேள்வி. வீல்சேரில் இருப்பவருக்கு டிக்கெட் இலவசம், சரி. அவர் பேருந்துக்குள் எப்படி ஏறுவார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் சென்னையில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்காகக் குரல் கொடுப்பவர்களும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கோர்ட் படி ஏறி இறங்கினார்கள். அந்தப் போராட்டத்தில் ஒரு பாதி ஜெயித்தாச்சு. மீதிப் பாதி நம்ம தெருமுனைப் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது.

900-க்கும் 400-க்கும் நடுவில்

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். வழக்கமான நகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். வீட்டுச் சமையல் மேடை எவ்வளவு உயரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. அந்த உயரத்தை எட்டத்தான் வாசலில் செங்குத்தான படிகள். அதற்கு அடுத்த வகை 650 மி.மீ. இதிலும் படி உண்டு. தாழ்தளப் பேருந்து என்பது 400 மி.மீ. வாசலில் படியே கிடையாது. நாற்காலியில் நாம் உட்காரும் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

தாழ்தளப் பேருந்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஸ்டாப்பில் நின்றதும் வண்டி ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும். வாசலில் மடித்து வைத்திருக்கும் சாய்தளப் பலகையை விரித்துவிட்டால், வீல்சேர் நேராக உள்ளே உருண்டுவிடும். யாரும் யாரையும் தூக்க வேண்டியதில்லை.

'தூக்கிவிட நாலு பேர் இருக்காங்களே' என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல மனசுதான். ஆனால் தினமும் ஆபீஸுக்குப் போகும் ஒருவரை, தினமும் இரண்டு வேளை, முன்பின் தெரியாதவர்கள் அள்ளித் தூக்கி உள்ளே வைப்பது எப்படி இருக்கும்? ஒரு பெண்ணுக்கு அது எப்படி இருக்கும்? உதவி கேட்காமல் வெளியே போய் வர முடிவதற்குப் பெயர்தான் சுதந்திரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் போக்குவரத்து வசதியைப் பற்றிப் பேசியது. ஆனால் 'பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. 'காசு இல்லை' என்று சொன்னால் கதை முடிந்தது.

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வேறு மாதிரி. பெயரிலேயே 'உரிமைகள்' என்ற சொல் இருக்கிறது. பழைய சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் இதில் 21 ஆகின. பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம், சாலை, வாகனம் எல்லாமே அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது 41-வது பிரிவு. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். திரும்பத் திரும்ப மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. அணுகல் வசதி தொடர்பான மத்திய அரசின் 15-வது விதி, வெறும் பரிந்துரை மாதிரிதான் இருக்கிறது, கட்டாயமாக்கவில்லை, எனவே அது சட்டத்துக்கே முரண் என்று சொல்லிவிட்டது. கட்டாய விதிகளை உருவாக்க மூன்று மாதக் கெடுவும் கொடுத்தது.

இதே சட்டம்தான் அரசு வேலைவாய்ப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு தருகிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் தருகிறது. வேலை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தினமும் அந்த வேலைக்குப் போவது எப்படி? பேருந்து இல்லையென்றால் ஆட்டோ. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே சரியாகிவிடும். பக்கத்து சீட்டில் வேலை பார்ப்பவர் பஸ் பாஸில் வந்து போகும்போது, இவர் மட்டும் அதே வேலைக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார். பேருந்து கிடைத்தால்தான் அந்த 4 சதவீதத்துக்கு அர்த்தம் வரும்.

டெண்டரைப் படித்தவர்கள்

உரிமைப் போராட்டம் என்றதும் சாலை மறியல்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் டென்வர் நகரில் அப்படித்தான் நடந்தது. 1978 ஜூலையில் வீல்சேரில் இருந்த 19 பேர் நகரின் பரபரப்பான சந்திப்பில் பேருந்துகளுக்கு முன்னும் பின்னும் நின்றார்கள். இரவு முழுக்க நகரவில்லை. நாடு முழுக்கப் பரவிய அந்த இயக்கத்தின் அழுத்தத்தில்தான் 1990-ல் அங்கே மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது.

சென்னையில் நடந்தது கொஞ்சம் வேறு. இங்கே முக்கிய ஆயுதம், யாரும் படிக்காத டெண்டர் ஆவணம்.

பேருந்துகளை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக மாற்றக் கோரி 2005-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போடப்பட்டது. ஆண்டுகள் ஓடின. அடுத்தடுத்து புதிய பேருந்துகள் வாங்கப்பட்டுக்கொண்டே இருந்தன. இங்கேதான் ஆர்வலர்கள் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தார்கள். ஒரு பேருந்து வாங்கினால் அது பல ஆண்டுகள் ஓடும். இன்று 900 மி.மீ. தளத்துடன் வாங்கினால், அத்தனை ஆண்டுகளுக்கும் ஒருவருக்குக் கதவைச் சாத்துவதாக அர்த்தம். அதனால், வாங்கிய பிறகு கத்துவதில் பயனில்லை. வாங்குவதற்கு முன்பே தடுக்க வேண்டும்.

தி பேனியன் அமைப்பின் இணை நிறுவனரும் மாற்றுத்திறனாளி உரிமை ஆர்வலருமான வைஷ்ணவி ஜெயக்குமார், உயரமான தளம் கொண்ட பேருந்துகளை வாங்குவதற்கான டெண்டரை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். அரசுத் தரப்பும் காரணங்களை அடுக்கியது. தாழ்தளப் பேருந்து விலை அதிகம், சாலைகள் மோசம், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், எல்லா ரூட்டிலும் ஓட்ட முடியாது.

இதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நல்ல மழைக்கே சென்னையின் சில சாலைகள் குளமாவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். சாலையைச் சரியாகப் போடாதது யார் தவறு? அந்தத் தவறுக்கான தண்டனையை அனுபவிப்பது யார்? ஒரு துறை செய்யாத வேலையைக் காட்டி இன்னொரு துறை ஒரு குடிமகனின் உரிமையைத் தள்ளிப்போட முடியுமென்றால், எந்த உரிமையும் எந்தக் காலத்திலும் வந்து சேராது.

நீதிமன்றத்தின் அழுத்தம் வேலை செய்தது. ஜெர்மன் வளர்ச்சி வங்கியான கேஎஃப்டபிள்யூவின் நிதியுதவியுடன் வாங்கப்பட்ட தாழ்தளப் பேருந்துகளில் முதல் 58, 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கின. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருக்கும் 3,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளோடு ஒப்பிட்டால் இது தொடக்கம் மட்டுமே. ஆனாலும் முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று, இன்று கண்ணெதிரே ஓடுகிறது.

'யாரும் ஏறலையே?'

இப்போது புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. 'அந்த பஸ்ல வீல்சேர்ல யாரும் ஏறி நான் பார்த்ததே இல்லையே. இதுக்கா இவ்வளவு செலவு?'

பள்ளிக்கூடமே இல்லாத ஊரில் நின்றுகொண்டு, 'இந்த ஊரில் ஒரு பிள்ளைகூட ஸ்கூலுக்குப் போறதில்லையே' என்று கேட்பதற்கு இது சமம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்றால், வெளியே வர வழி இல்லை என்று அர்த்தம்.

வழி என்பது ஒரு பேருந்தோடு முடிவதில்லை. வீட்டு வாசலில் இருந்து ஸ்டாப் வரை நடைபாதை வேண்டும். ஏறும் ஸ்டாப்பும் இறங்கும் ஸ்டாப்பும் சரியாக இருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்குள் தாழ்தளப் பேருந்து வர வேண்டும். திரும்பி வரும்போதும் அதே வண்டி கிடைக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் அன்றைய பயணம் கேன்சல். காலையில் தாழ்தளம், மாலையில் உயரத்தளம் என்றால் அவர் வீட்டுக்கு எப்படித் திரும்புவார்?

மெரினாவை நினைத்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் கடல் அலை வரை போக நிரந்தர மரப்பாதை வேண்டும் என்பது நீண்ட நாள் கோரிக்கை. 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளப் பாதை திறக்கப்பட்டது. முதல் முறையாகக் கடலைக் கிட்டத்தில் பார்த்தவர்களின் மகிழ்ச்சியை ஊரே கொண்டாடியது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மாண்டஸ் புயலில் பாதையின் ஒரு பகுதி சேதமானது. பிறகு சரிசெய்தார்கள். திறப்பு விழா ஒரு நாள் வேலை, பராமரிப்பு எல்லா நாளும் வேலை என்பதை அந்தப் புயல் காட்டிவிட்டுப் போனது.

கடைசி ஒரு மீட்டர்

தாழ்தளப் பேருந்தின் முழுப் பயனும் அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நடைபாதையின் உயரம் 150 மி.மீ-க்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். அந்த நடைபாதையை ஒட்டிப் பேருந்து நின்றால், 400-ல் 150 போக மீதி 250 மி.மீ. மட்டும்தான். வண்டி கொஞ்சம் சாய்ந்து கொடுத்தால் அதுவும் குறையும். சாய்தளம் மெதுவான சரிவாக இருக்கும்.

அதே பேருந்து நடுரோட்டில் நின்றால்? முழு 400 மி.மீ. உயரத்தையும் சாய்தளமே சமாளிக்க வேண்டும். சரிவு செங்குத்தாகிவிடும். வீல்சேரைத் தனியாகத் தள்ளி ஏற முடியாது. கோடிக்கணக்கில் செலவழித்த வசதி, ஒரு மீட்டர் தள்ளி நின்றதால் வீணாகிறது.

ஏன் தள்ளி நிற்கிறது? டிரைவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஸ்டாப்பில் ஆட்டோ நிற்கிறது. பைக் நிற்கிறது. நம்ம கேப் நிற்கிறது. பேருந்தை ஓட்டுவது போக்குவரத்துக் கழகம், நடைபாதை மாநகராட்சி, பார்க்கிங்கை ஒழுங்குபடுத்துவது போக்குவரத்துக் காவல். மூன்று பேர் பொறுப்பு என்றால், நடைமுறையில் யாருமே பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் மற்ற பயணிகளின் பங்கு தொடங்குகிறது. இதுவரை நடந்த போராட்டத்தின் சுமை முழுவதையும் மாற்றுத்திறனாளிகளும் சில ஆர்வலர்களும்தான் சுமந்தார்கள். ஒவ்வொரு பஸ் ஸ்டாப்புக்கும் அவர்களே வழக்குப் போட முடியாது, போடவும் கூடாது.

வார்டு அளவில் நடக்கும் ஏரியா சபா கூட்டத்தில், 'நம்ம ஸ்டாப்பில் நடைபாதைக்கு ஏன் சரிவு இல்லை' என்று ஒருவர் கேட்கலாம். எந்தெந்த ரூட்டில் எத்தனை தாழ்தளப் பேருந்து ஓடுகிறது என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். புகார்களை விசாரிக்கும்போது சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. இதெல்லாம் முடியாதவர், ஸ்டாப்பில் பைக்கை நிறுத்தாமல் இருக்கலாம். சாய்தளத்தை விரிக்க ஆகும் அந்தச் சிறிது நேரத்தில் 'லேட் ஆகுதுப்பா' என்று குரல் கொடுக்காமல் இருக்கலாம்.

தாழ்தளத்தில் மூட்டுவலி உள்ள பாட்டியும், கர்ப்பிணியும், கைக்குழந்தையோடு வரும் அம்மாவும், காலில் கட்டுப் போட்ட இளைஞரும் சுலபமாக ஏறுகிறார்கள். அது கூடுதல் லாபம். ஆனால் அந்த லாபம் இல்லாமல் போனாலும், வீல்சேரில் வரும் ஒரே ஒருவருக்காகவும் அந்தப் பேருந்து வந்தே ஆக வேண்டும். உரிமையைத் தலை எண்ணிக் கொடுப்பதில்லை.

இலவச டிக்கெட்டை அரசு ஓர் உத்தரவில் கொடுத்தது. ஏறும் வசதியை வாங்க 20 ஆண்டுகள் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள தூரம். அடுத்த முறை உங்கள் ஸ்டாப்பில் தாழ்தளப் பேருந்து வந்து நின்றால், அது நடைபாதையில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள். மீதிப் போராட்டம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.