பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா?

தோட்டப் பள்ளியில் ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் அது உடனே தெரிந்துவிடும். நாற்காலி காலியாக இருக்கும். அடுத்த லயத்துப் பிள்ளையைக் கேட்டால், "அவனுக்குக் காய்ச்சல், சார்" என்றோ, "அம்மாவோட ஈப்போ போயிருக்கான், சார்" என்றோ பதில் கிடைத்துவிடும். மாலையில் கடைப்பக்கம் தகப்பனாரைப் பார்த்தால் ஆசிரியர் நேரிலேயே இரண்டு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

இயங்கலை வகுப்பில் காலி நாற்காலி என்பதே கிடையாது. சேர்ந்த பிள்ளைகளின் பெயர்கள் மட்டுமே ஆசிரியரின் பட்டியலில் வரும். சேராத பிள்ளைக்கு அங்கே இடமும் இல்லை. 'வரவில்லை' என்ற குறிப்பும் இல்லை. பாடம் போவதும் தெரியாது, பயிற்சி கொடுத்ததும் தெரியாது. ஆகவே, அன்புள்ள பெற்றோர்களே, பிள்ளையை அந்த வகுப்பில் சேர்த்துவிடுவது எப்படி என்பதை மட்டும் இம்முறை பேசுவோம்.

"பள்ளிதான் திறந்து நடக்கிறதே, இனி எதற்கு இது?" என்று சிலர் கேட்கலாம். 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து மாதக் கணக்கில் பள்ளிக் கதவுகள் அடைபட்டன. புகையும் வெள்ளமும் நம்மிடம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பள்ளி மூடிய அன்று காலையில் குறியீட்டைத் தேடி ஓடுவதைவிட, மழைக்கு முன்னே கூரை வேய்வதுபோல் இப்போதே சேர்த்து வைப்பது நல்லது. விடுமுறைக் காலப் பயிற்சிகளையும் பல ஆசிரியர்கள் இந்த வழியாகவே அனுப்புகிறார்கள்.

முதலில் வேண்டியது பிள்ளையின் சொந்தக் கணக்கு. 2020 ஜூன் மாதம் கல்வி அமைச்சு 'டெலிமா' என்னும் கற்றல் தளத்தைத் தொடங்கியது. அரசாங்கப் பள்ளி மாணவர்களுக்கு அதில் ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி உண்டு. மாணவரின் முகவரி 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும். ஆசிரியரின் முகவரி 'ஜி' என்ற எழுத்தில் தொடங்கும். உங்கள் பிள்ளையின் முகவரியும் கடவுச்சொல்லும் தெரியாவிட்டால் வகுப்பாசிரியரைக் கேளுங்கள். மறந்துபோன கடவுச்சொல்லைப் பள்ளியிலேயே மாற்றித் தருவார்கள். அதற்காக ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து வருவதுதான் பலர் தடுக்கி விழும் இடம். கைப்பேசி அப்பாவுடையது, அதில் ஏற்கெனவே இருப்பது அப்பாவின் மின்னஞ்சல். பிள்ளை அவசரத்தில் அதிலேயே வகுப்புக்குள் நுழைகிறது. பள்ளிக் கணக்கு இல்லாதவருக்குக் கதவு அடைத்திருந்தால் உள்ளே போகவே முடியாது. கதவு திறந்திருந்தாலோ, ஆசிரியரின் பட்டியலில் மாணவர் பெயருக்குப் பதில் தகப்பனார் பெயர் நிற்கும்! ஆகவே 'கூகுள் கிளாஸ்ரூம்' செயலியைத் திறந்ததும் மேலே வலப்பக்க மூலையிலுள்ள சிறு வட்டத்தைத் தொடுங்கள். இப்போது யாருடைய கணக்கில் இருக்கிறோம் என்பது தெரியும். இன்னொரு கணக்கைச் சேர்க்கும் வழியும் அங்கேயே உண்டு. பிள்ளையின் முகவரியை அதில் சேர்த்து, அதையே தேர்ந்தெடுங்கள். அப்பாவின் கணக்கு அழிந்துபோகாது. அது தன் பாட்டுக்கு இருக்கும்.

மூன்றாவது, வகுப்புக் குறியீடு. செயலியில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதைத் தொட்டு, வகுப்பில் சேரும் வழியைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியர் அனுப்பிய குறியீட்டைப் பதிக்க வேண்டும். கைப்பேசியை மலாயில் வைத்திருப்பவர்களுக்குச் சொற்கள் மலாயில் வரும். கூட்டல் குறி மாறாது. குறியீட்டில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டுமே இருக்கும். நடுவில் இடைவெளி கூடாது. பூச்சியத்தை 'ஓ' என்றும், ஒன்றை 'எல்' என்றும் பிள்ளைகள் மாற்றி அடித்துவிடுவதுண்டு. புலனத்தில் வந்த குறியீட்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, படியெடுத்து ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

குறியீடு வேலை செய்யாவிட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆசிரியர் பழைய குறியீட்டை மாற்றிப் புதியது எடுத்திருக்கலாம். "குறியீடு ஏற்கவில்லை, சார்" என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். பிள்ளையின் முகவரியை வைத்து ஆசிரியரே அழைப்பு அனுப்பவும் வழி உண்டு.

இந்தக் குறியீட்டை ஒரு முறை பதித்தால் போதும். வகுப்பு கைப்பேசியோடு ஒட்டிக்கொள்வதில்லை, பிள்ளையின் கணக்கோடு ஒட்டிக்கொள்கிறது. காலை ஐந்தரை மணிக்கே அப்பா கைப்பேசியோடு பால்வெட்டுக்குப் போய்விட்டால், பக்கத்து வீட்டு அத்தையின் கைப்பேசியில் அதே முகவரியைத் திறந்து பாடத்தைப் பார்க்கலாம். வேலை முடிந்ததும் மறக்காமல் அந்தக் கணக்கை அங்கிருந்து நீக்கிவிட வேண்டும். ஆசிரியர் நேரலையில் பேசுவதைப் பார்க்கத்தான் தரவு அதிகம் செலவாகும். எழுத்துப் பயிற்சியைப் பார்ப்பதற்கும், வகுப்பில் சேர்வதற்கும் கொஞ்சமே போதும். லயத்தில் அலைவரிசை கிடைக்காவிட்டால், கிடைக்கும் மேட்டில் சில நிமிடம் நின்று சேர்ந்துவிட்டு வரலாம்.

வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் மூவருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர், முகவரி, கடவுச்சொல் மூன்றையும் எழுதிப் பிறப்புப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். கடவுச்சொல்லைக் கூட்டாளிகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். குறியீட்டையும் வெளியாருக்கு அனுப்பாதீர்கள்.

"நான் ஆறாம் ஆண்டோட நின்னுட்டேன் சார், எனக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போவுது?" என்று ஒதுங்குகிற தகப்பனார்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கக் கையைப் பிடித்து அழைத்து வந்தபோது, பாடம் தெரிந்தா வந்தீர்கள்? பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றீர்கள், பெயர் பதிவாயிற்று. இதுவும் அப்படித்தான். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் அண்ணனோ அக்காளோ இல்லாத லயம் எது? ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் அவர்களில் இரண்டு பேரை உட்கார வைத்தால், ஒரு காலைப் பொழுதில் தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சேர்த்துவிடலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் இதை முன்னின்று செய்தால் புண்ணியமாகப் போகும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வியை மட்டும் ஆசிரியரிடம் கேளுங்கள்: "என் பிள்ளையின் பெயர் உங்கள் பட்டியலில் வந்துவிட்டதா?" 'வந்துவிட்டது' என்று அவர் வாயால் கேட்கும்வரை விடாதீர்கள். பிள்ளை 'சேர்ந்துட்டேம்மா' என்று சொல்வதை நம்புங்கள்; ஆனாலும் கேளுங்கள்.