வெள்ளைச் சுவரும் இரண்டாவது கதவும்



கடைத்தெருவில் மாடியோ, பின்கட்டில் குடோனோ காலியாக வைத்திருக்கும் நம்மவர்களிடம் இப்போது இளைஞர்கள் வந்து வாடகைக்குக் கேட்கிறார்கள். வீடியோ கேம் சென்டர் நடத்தப் போகிறார்களாம். சாமான் அதிகம் கிடையாது. நாற்காலி, கம்ப்யூட்டர், திரை, அத்துடன் கூரையில் இரண்டு புரொஜெக்டர். அந்தப் புரொஜெக்டர்தான் அறைக்கு அலங்காரமே. சுவர் முழுக்கக் கடல் அலை அடிக்கும், மீன் நீந்தும். கார்ப் பந்தயம் ஆடும்போது இரு பக்கச் சுவரிலும் மரங்கள் பின்னால் ஓடும். "இதெல்லாம் கண்கட்டு வித்தை, நமக்கு வேண்டாம்" என்று நம் வயது ஆட்கள் பலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்ப வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் சாவியைக் கொடுக்கவும் கூடாது.

வெளிச்சத்தால் படம் ஆட்டுவது தஞ்சைச் சீமைக்குப் புதிதல்ல. மராட்டியர் காலத்தில் இங்கே தோல்பாவைக் கூத்து செழித்தது. எண்ணெய் விளக்கும் வெள்ளைத் துணியும்தான் அதற்கு முதல். 1905ல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராய்க் காட்டினார். பிற்பாடு கோவையில் நிரந்தரமாகத் தியேட்டரே கட்டினார். அவரைச் சினிமாக்காரர் என்கிறார்கள். நான் நல்ல வியாபாரி என்பேன். 2013ல் மைக்ரோசாப்ட் கம்பெனி 'இல்லூமிரூம்' என்று ஒன்றைச் செய்து காட்டியது. டி.வி.யில் ஓடும் விளையாட்டுக் காட்சி டி.வி.யைத் தாண்டிச் சுற்றியுள்ள சுவர், அலமாரி மேலெல்லாம் படரும். அது ஆராய்ச்சியோடு நின்றுவிட்டது, கடைக்கு வரவில்லை. அந்த மாதிரிக் காரியத்தைத்தான் இன்று நம்மூர்ப் பையன்கள் ஒரு புரொஜெக்டரையும் கம்ப்யூட்டரையும் வைத்துச் செய்கிறார்கள்.

கணக்குப் பார்த்தால் நஷ்டமான யோசனை அல்ல. பெயிண்டிங், பிளைவுட், துணி என்று அலங்காரம் செய்தால் ஆறு மாதத்தில் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். கழற்றி எறிந்துவிட்டு மறுபடி செலவு செய்ய வேண்டும். இதில் சுவருக்கு வெள்ளை அடித்தால் போதும், பொங்கலுக்கு ஒரு படம், தீபாவளிக்கு ஒரு படம். பல்பு வகைப் புரொஜெக்டர் 3000 முதல் 5000 மணி நேரம் என்றும், லேசர் வகை 20,000 மணி நேரம் என்றும் கம்பெனிகள் சொல்கின்றன. தினம் 10 மணி நேரம் ஓட்டினால் பல்பைப் பத்து மாதத்தில், மிஞ்சினால் ஒரு வருஷம் நாலு மாதத்தில் மாற்ற வேண்டும். லேசர் ஐந்து வருஷம் தாண்டும். 300 வாட் கருவி நாளைக்கு 3 யூனிட் கரண்ட் எடுக்கும். புரொஜெக்டருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. ஒரு தொல்லை நம் பக்கத்துக்கே உரியது. அரிசி மண்டிக்கும் ரைஸ் மில்லுக்கும் பக்கத்தில் இருந்தால் தவிட்டுத் தூசி ஃபில்டரை அடைத்துக் கருவி சூடேறிவிடும். வாரம் ஒருமுறை துடைக்கும் பழக்கம் இல்லாதவருக்கு இந்தத் தொழில் ஆகாது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். இந்த அலங்காரத்துக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் வந்தால் படம் வெளுத்துவிடும். ஆகவே முதல் வேலையாக ஜன்னலை அடைக்கிறார்கள், கறுப்புத் திரை தொங்க விடுகிறார்கள். கதவின் மேலும் படம் விழுவதால் சுவர் எது, கதவு எது என்று தெரியாது. சத்தம் வெளியே போகாதிருக்க ஃபோம் ஒட்டுகிறார்கள், கூரைக்குத் தெர்மோகோல் அடிக்கிறார்கள். வெள்ளைச் சுவரில் விழும் வெளிச்சம் தீப்பற்றாது. அலங்காரங்களிலேயே அது பத்திரமானது. அதைச் சுற்றி ஒட்டுகிற சாமான்தான் எரியும்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் பற்றி, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதே வருஷம் ஜூலை 16ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை பற்றி 94 குழந்தைகள். 1997 ஜூன் 13ல் டெல்லி உபஹார் தியேட்டரில் 59 பேர். அங்கே வழியை மறித்துக் கூடுதல் நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த வழக்கில் தியேட்டர் உரிமையாளர்களே தண்டனை பெற்றார்கள் என்பதைக் கட்டடம் வைத்திருப்பவர்கள் மறக்க வேண்டாம். 2024 மே 25ல் ராஜ்கோட்டில் எரிந்ததோ கேம் சென்டரேதான். தகரக் கொட்டகை, தீயணைப்புத் துறைச் சான்று கிடையாது. 25க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அதில் குழந்தைகளும் உண்டு.

நம் மாடிகள் எப்படிப்பட்டவை? முன்பக்கம் ஒரே படி, அதிலும் பாதிக்கு மேல் அட்டைப் பெட்டி. கீழே எண்ணெய் டின், கற்பூரம், தீப்பெட்டிக் கட்டு. மேலே முப்பது பிள்ளைகள் இருட்டில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கீழே கத்தினாலும் கேட்காது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: இரண்டாவது வழி எங்கே? அதற்குப் பிறகுதான் வாடகை, அட்வான்ஸ் எல்லாம். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அதன் மேல் படம் விழக் கூடாது, பேட்டரியில் எரியும் பச்சை விளக்கு இருக்க வேண்டும். ஒரே சுவிட்சைத் தட்டினால் படம் நின்று அறை விளக்குகள் எரிய வேண்டும். ஃபோம், தெர்மோகோல் கூடாது. ஒயரிங் தனி, எம்.சி.பி. தனி.

இதைச் சொன்னால் வாடகைக்காரர் ஓடிவிடுவார் என்பார்கள். என் குடோனைக் கேட்டு வந்தவர்களில் இரண்டு பேர் போனது உண்மைதான். மூன்றாவதாக வந்த தம்பியிடம், சந்துப் பக்கச் சுவரை உடைத்துக் கதவு வைக்கிற செலவில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றேன். ஒத்துக்கொண்டார். நிபந்தனைகள் எழுதிய அந்த ஒப்பந்தத்தின் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். மாடி வாடகைக்கு விட நினைக்கும் உறுப்பினர்கள் வாங்கிப் பார்க்கலாம்.