சீனர் வந்தார், நாம் போனோமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல் – கீழ்பென்னாத்தூர்)

கல்விச் சுற்றுலா என்றவுடன் நம் மனம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பறக்கிறது. மலையும் குளிரும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் கல்வி எவ்வளவு என்பதே என் கேள்வி.

ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் யுவான் சுவாங் என்னும் சீனத் துறவி, சாங்கான் நகரிலிருந்து பாலைவனமும் பனிமலையும் கடந்து பாரதம் வந்தார். நாளந்தாவில் சீலபத்திரரிடம் பயின்றார். அத்துடன் நில்லாமல், கி.பி. 640-ஐ ஒட்டி நம் காஞ்சிக்கும் வந்தார். அங்கே 100-க்கு மேற்பட்ட புத்த மடங்களும் 10,000 துறவிகளும் இருந்ததாக எழுதி வைத்தார். சீலபத்திரரின் ஆசிரியரான தருமபாலர் பிறந்த ஊர் அது என்றும் குறித்தார்.

645-இல் அவர் 657 நூல்களுடன் நாடு திரும்பினார். அவற்றைக் காக்க 652-இல் எழுப்பிய கோபுரம், பின்னர் திருத்திக் கட்டப்பெற்று, இன்றும் 64 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. சாங்கானுக்கு இன்று சீயான் என்று பெயர். உலகமே போய்ப் பார்க்கிறது.

அவர் கண்ட காஞ்சி என்னவாயிற்று? அந்த மடங்களில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. சில சிலைகளே மிஞ்சின. கருக்கினில் அமர்ந்தாள் அம்மன் கோயிலில் புத்தர் சிலைகள் உள்ளன. காமாட்சியம்மன் கோயிலில் இருந்த புத்தர் சிலை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ (1940) இவ்வரலாற்றை நமக்குத் தேடித் தந்த நூல். நாமோ காஞ்சிக்குக் கலியாணப் பட்டெடுக்கப் போகிறோம். புடவையின் விலை தெரியும். ஊரின் விலை தெரியாது!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஐந்து நாள் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டால் அப்பா மறுக்க மாட்டார், கடன் வாங்குவார். ஆகவே நான் கேட்பதில்லை. இப்படிப் பெயர் கொடுக்காத மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. காஞ்சிக்கோ காலையில் பேருந்து ஏறினால் இரவே வீடு திரும்பலாம். கையில் கட்டுச்சோறு போதும்.

இயற்பியல் மாணவனுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். நேரில் சென்று காண்பதும், கண்டதை எண்ணிக் குறிப்பதும் அறிவியலின் வழியல்லவா? யுவான் சுவாங் செய்ததும் அதுவே.

பேராசிரியப் பெருமக்களே! ஆண்டுக்கு ஒரு நாள், எல்லாத் துறை மாணவரையும் குறிப்பேட்டுடன் காஞ்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். சாங்கானிலிருந்து வந்தவருக்குத் தூரமாகப் படாத ஊர், கீழ்பென்னாத்தூரிலிருந்து போகும் நமக்கா தூரம்?